தோள் மாற்ற ஓர் ஆள்

வெண்ணந்தூருக்கு வெளியே, கந்தவேலின் பழைய வீட்டில் கூரையைத் தாங்க இரும்பு கர்டர் வந்திறங்கியது 1978-ஆம் வருடம், ஆனி மாதக் கடைசியில். பின்சுவரில் பாதியை இடித்து அறையைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார்கள். ஆடி பிறப்பதற்குள் முடித்தாக வேண்டும்.

கர்டரைத் தூக்கி வைத்து, அடியில் முட்டுக் கட்டைகள் கொடுத்தாயிற்று. மேஸ்திரி பச்சமுத்து பழைய செங்கல்லைக் கரண்டியால் சுரண்டினார். மாவாக உதிர்ந்தது.

“ஏனுங்க, நுனிக்கு அடியில கருங்கல் வெக்காம கட்டைய எடுத்தராதீங்க. இந்த மூலை தாங்காது.”

“தாங்கும்ப்பா. எங்க அப்பாரு கட்டறப்பவே இது ஒருக்கா சரிஞ்சுதாமா. அம்மாசினு ஒரு ஆளு தோள் குடுத்து நின்னானாமா, மத்தவிய வெளிய ஓடற வரைக்கும்.”

“அப்புறம் அந்த ஆளு?”

கந்தவேல் சிரித்தார். “அவனுக்குத் தோள் மாத்த ஒருத்தனும் போகலியாமா.”

பச்சமுத்து சிரிக்கவில்லை.

கல் நாளைக்குத்தான் வரும். மேஸ்திரி சாப்பிடப் போன நேரத்தில், தளம் போட இடைஞ்சல் என்று கந்தவேலே கட்டைகளைத் தட்டி எடுத்துவிட்டார். கர்டர் அசையவில்லை. காற்று நன்றாக வருகிறதே என்று மனைவி சௌந்திரம் அதிலேயே தூளி கட்டிக் கைக்குழந்தையைத் தூங்க வைத்தாள்.

வெளியே உச்சி வெயில். அறைக்குள் ஏனோ ஈர மண் வாடை. அதோடு யாருடையதோ வியர்வை வாடை.

சர்ர்...

சுவரிலிருந்து செம்பொடி கொட்டியது. செங்கற்கள் நொறுங்கி விழுந்தன. கர்டரின் நுனிக்கு அடியில் ஒரு முழம் வெற்றிடம்.

கர்டர் விழவில்லை.

அந்தரத்தில் நின்று நடுங்கியது. தூளியும் நடுங்கியது.

பாரம் தாங்காத முக்கல். பிறகு, மூச்சிரைக்கும் குரல்.

“சாமி... தோள் மாத்த... ஆளிருக்குதுங்களா?”

சௌந்திரம் வாயைப் பொத்திக்கொண்டாள். கர்டர் ஒரு விரற்கடை இறங்கியது.

“விட்ராத!” கந்தவேல் அலறினார். “நான் மாத்திக்கறேன்! புள்ளைய எடுக்கற வரைக்கும் புடி!”

“வாக்குங்களா?”

“வாக்குத்தான்!”

பாய்ந்து, குழந்தையை வாரிக்கொண்டு சௌந்திரத்தோடு வெளியே ஓடி வந்தார். கர்டர் அப்போதும் அந்தரத்திலேயே நின்றது.

பச்சமுத்து வந்து திட்டிக்கொண்டே மறுபடி கட்டைகளைக் கொடுத்தார். மூலையைப் புதுச் செங்கல்லில் எழுப்பி, மேலே கருங்கல்லை வைத்து, கல்லின்மேல் கர்டரை உட்கார வைத்தார். சிமெண்ட் இறுகும்வரை யாரையும் கிட்டே விடவில்லை.

“இனி யானை ஏறுனாலும் அசையாதுங்க. கட்டைய எடுத்தரலாங்களா?”

“எடுப்பா.” கிணற்றடியிலிருந்து கந்தவேல் குரல் கொடுத்தார். அவர் தலைக்கு மேல் வானம் மட்டும்தான்.

உள்ளே கடைசிக் கட்டை சரிந்தது.

கந்தவேலின் வலது தோள் சட்டென்று தாழ்ந்தது. முழங்கால்கள் மடங்கின. எலும்பு நெரிந்தது.

அவருக்குப் பின்னால், வெகுகாலமாய் அடக்கி வைத்திருந்த மூச்சை யாரோ நிம்மதியாக விட்டார்கள்.