மணிமாறன் சொன்ன கலர்

"ஐயோ... வண்டியக் காணோமே!"

அரியலூர் ரயிலடியே திரும்பிப் பார்த்தது.

அலறியவன் மணிமாறன். காலையில் மனைவி நந்தினியின் ஸ்கூட்டரை இங்கே நிறுத்திவிட்டுத் திருச்சிக்கு ரயிலேறியவன். மாலை நாலு மணிக்குத் திரும்பினால்... நிறுத்திய இடம் காலி!

வண்டி போனால் போகட்டும். சீட்டுக்கு அடியில் நந்தினியின் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகள்! ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்தவை. நாளைக் காலை அவளுடைய நர்ஸ் வேலைக்குச் சரிபார்ப்பு. அவை இல்லையென்றால் வேலையும் இல்லை.

போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினான்.

"என்ன கலருய்யா?" சப்-இன்ஸ்பெக்டர் அழகேசன் பேனாவைத் திறந்தார்.

மணிமாறனுக்கு வியர்த்தது.

பாவம், பிறந்ததிலிருந்தே சிவப்பும் பச்சையும் அவனுக்கு ஒன்றுதான்! தக்காளியை அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவான். வண்டியின் கலரை நந்தினி பத்துத் தடவை சொல்லியிருந்தாள். எது என்பதுதான் மறந்து தொலைத்தது. 'எனக்குக் கலர் தெரியாது' என்று போலீஸிடம் சொல்ல வெட்கம்.

"ப... பச்சைங்க சார்!"

மைக்கில் தகவல் பறந்தது. எல்லா செக்போஸ்ட்டுக்கும்!

சேதி கேட்டு அரை மணியில் நந்தினி ஸ்டேஷனுக்கு வந்து நின்றாள்.

"பச்சையா? அடக் கடவுளே! சிவப்புங்க சார், நல்ல சிவப்பு! இந்த மனுஷனுக்கு ரெண்டும் ஒண்ணுதாங்க. ரசத்துக்குப் பழம் கேட்டா காய வாங்கிட்டு வருவாரு!"

"ஏன்யா, வெளயாடுறியா?" அழகேசன் சீறினார். "உன்னையத் தூக்கி உள்ள வச்சுருவேன்!"

மணிமாறன் கூனிக் குறுகினான். நம்மால் இவள் வேலை போச்சே...

திருத்திச் சொல்ல மைக்கை எடுத்தார் அழகேசன்.

அதற்குள் போன் அலறியது!

"சார், பெரம்பலூர் ரோடு செக்போஸ்ட். நீங்க சொன்ன பச்சை ஸ்கூட்டரப் புடிச்சுட்டோம். நம்பரத்தான் மாத்திட்டான். சீட்டுக்கடியில நந்தினிங்கிற பேர்ல சர்டிபிகேட்டெல்லாம் பத்திரமா இருக்கு."

"பச்சையா?!"

"ஆமா சார். தொட்டா கையில ஒட்டுது! செவப்பு வண்டிக்கு மத்தியானம்தான் பெயின்ட் அடிச்சிருக்கான். 'பச்சை அடிச்சது எனக்கு மட்டும்தானே தெரியும்... எவன் போட்டுக் குடுத்தான்?'னு பய அழுவுறான்!"

நந்தினி அழுதுகொண்டே சிரித்தாள். புருஷனின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அழகேசன் தொப்பியைக் கழற்றிவிட்டு மணிமாறனைப் பார்த்தார்.

"யோவ்... இனிமே என்ன காணாமப் போனாலும், புகார் குடுக்குறதுக்கு முன்னாடி வூட்டம்மாவ மட்டும் கேட்டுடாதய்யா!"