விதைப் பொட்டலத்தில் பியானோ

வாயில் போட்ட சூரியகாந்தி விதையைக் கடிக்க மறந்து, தெருவிலேயே நின்றுவிட்டாள் பெர்மெத்.

விதைகளைப் பொட்டலம் கட்டியிருந்த தாளில் ஐந்தைந்து கோடுகள். கோடுகளின் மேல் கறுப்புப் புள்ளிகள். பியானோவுக்கான இசைக்குறிப்பு!

விதைகளைச் சட்டைப் பையில் கொட்டிவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்தாள். இதுவரை அவள் வாசித்த பாட்டுகளைவிட இது கொஞ்சம் கடினம். கொஞ்சம்தான்.

இப்படி ஒன்றைத்தான் அவள் மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தாள். பியானோ டீச்சர் வசந்த காலத்தில் பிஷ்கெக் நகரத்துக்குப் போய்விட்டார். புது டீச்சர் இன்னும் வரவில்லை. பெர்மெத்திடம் இருந்தது ஒரே புத்தகம். அதன் கடைசிப் பாட்டை அவள் தொடங்கினாலே, பக்கத்து வீட்டு நாய் எழுந்து வேறு இடத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். அவள் ஊரான காரகோலின் கடைகளில் அடுத்த புத்தகம் கிடைக்கவில்லை. அப்பாவின் போனில் தேடினால் ஒன்று குழந்தைப் பாட்டு வரும். இல்லையென்றால் எறும்புக் கூட்டத்தைக் கொட்டியதுபோல் புள்ளிகள் நெருக்கிய ஏதாவது வரும். நடுவில் எதுவுமே இல்லை.

பெர்மெத் சந்தைக்குத் திரும்பி ஓடினாள். அங்கே விதை விற்கும் சயரா அக்கா, ஒரு புத்தகத்திலிருந்து சர்ரென்று அடுத்த தாளைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ அக்கா! கிழிக்காதீங்க!"

சயரா அக்கா பதறியதில் ஒரு குவளை விதை தரையில் கொட்டியது. "ஏன்டி இப்படிக் கத்துற? தாளுக்குள்ள பாம்பா இருக்கு?"

"அது பியானோ புத்தகம் அக்கா!"

"அட்டையே இல்லாம கிடந்துச்சு. வீடு காலி பண்ணினவங்க குப்பைன்னு குடுத்துட்டுப் போனாங்க. நல்ல கனமான தாளு."

"மிச்சத்தை எனக்குக் குடுங்களேன்."

"குடுத்துட்டு? வர்றவங்களுக்கு விதையைத் தொப்பியிலயா கொட்டுறது?"

அதுவும் நியாயம்தான். பெர்மெத் வீட்டுக்கு ஓடினாள். அம்மாவிடம் கேட்டு, அடுப்பு பற்றவைக்க வைத்திருந்த பழைய செய்தித்தாள்களை மூச்சிரைக்கத் தூக்கி வந்தாள்.

"இது போதுமா அக்கா?"

"குளிர்காலம் முழுக்கப் போதும்!" சயரா அக்கா புத்தகத்தை நீட்டினார். "காலையில இன்னொருத்தி வந்தா. இந்தத் தாள்லயே இன்னும் வேணும், இன்னும் வேணும்னு பொட்டலமா வாங்கிக் குவிச்சா. விதைன்னா அவளுக்கு அவ்வளவு உயிர்போல!"

"யாரு? பார்க்க எப்படி இருந்தா?"

"சிவப்புத் தொப்பி. எதுக்கெடுத்தாலும் சிரிப்பு."

பெர்மெத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. அல்சு! வசந்த விழாவில் பெர்மெத் பாதிப் பாட்டை மறந்து நின்றபோது, முதல் வரிசையில் உட்கார்ந்து சிரித்தவள். அதே டீச்சரிடம் பியானோ கற்றவள். அன்றிலிருந்து இருவரும் பேசுவதில்லை.

வீட்டில் பெர்மெத் ஆசையாகப் புத்தகத்தைத் திறந்து வாசித்தாள். இரண்டு கைகளும் பியானோவின் வலது ஓரத்திலேயே நெருக்கியடித்தன. குருவிகள் சண்டை போடுவதுபோல் இருந்தது. எதிர்ப் பக்கத்தை வாசித்தாள். இப்போது இரண்டு கைகளும் இடது ஓரத்தில். கரடி உறுமியது!

அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தார். "என்ன ஆச்சு? பியானோ கெட்டுப்போச்சா?"

பெர்மெத் இரு பக்கங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். இடது பக்கம் முழுக்கக் கரடி. வலது பக்கம் முழுக்கக் குருவி. இரண்டும் பாட்டின் ஒரே இடத்தில் தொடங்கின. ஒரே இடத்தில் முடிந்தன.

"அம்மா! இது ரெண்டு பேர் சேர்ந்து வாசிக்கிறது!"

இன்னொரு ஆளுக்கு எங்கே போவது? டீச்சர் போன பிறகு மற்றப் பிள்ளைகள் பியானோவையே விட்டுவிட்டார்கள். மிச்சம் இருந்தது ஒருத்திதான். அவளோ கதவைத் திறந்ததும் சிரிப்பாள்.

'சிரிச்சா சிரிக்கட்டும்' என்று பெர்மெத் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

கதவைத் திறந்த அல்சு சிரிக்கவில்லை. முகம் வெளிறி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீயா?"

"உனக்கு என்ன ஆச்சு?"

"தாளுக்காக விதை வாங்கினேன். வீணாக்கக் கூடாதுன்னு எல்லாத்தையும் தின்னுட்டேன்."

பெர்மெத் உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சிரிக்க வைக்காதே! வலிக்குது!" என்று அல்சுவும் சிரித்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "அன்னிக்கு நான் உன்னைப் பார்த்துச் சிரிக்கல. உனக்கு அடுத்து நான் வாசிக்கணுமே! பயம் வந்தா எனக்குச் சிரிப்பு வந்துடும்."

 கோடை முழுவதும் இதற்காகவா பெர்மெத் கோபப்பட்டாள்?

கோட்டுக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்து நீட்டினாள். அல்சுவின் கண்கள் விரிந்தன. "இது உன்கிட்டயா இருக்கு! உள்ள வா!"

அல்சு வைத்திருந்த கசங்கிய தாள்களை இருவரும் தேய்த்து நிமிர்த்தி, புத்தகத்தில் உரிய இடத்தில் சேர்த்தார்கள். பியானோவின் முன் ஒரே பலகையில் ஒட்டி உட்கார்ந்தார்கள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு!"

நான்கு கைகளும் ஒன்றாக விழுந்தன. சட்டென்று இருவரும் கைகளை எடுத்துவிட்டார்கள். அறை முழுக்க அந்த ஓசை நின்றது.

"இது... நாமளா?" என்றாள் அல்சு.

மறுபடி தொடங்கினார்கள். முழங்கைகள் இடித்தன. அல்சு முன்னால் ஓடினாள், பெர்மெத் பின்தங்கினாள். பக்கத்தின் முடிவுக்கு ஒருத்தி முதலில் வந்தாள், மற்றவள் பிறகு வந்தாள்.

கை முழுக்க மாவோடு அல்சுவின் அம்மா எட்டிப் பார்த்தார். "முடிஞ்சுதா, இன்னும் இருக்கா?"

"இன்னும் நிறைய இருக்கு!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

அன்று மாலை அவர்கள் இருவரும் துளியும் பிசகாமல் சேர்ந்து முடித்தது அந்த ஒரு வரிதான்.