இடப்பக்கப் பலகை

சுரண்டியின் நுனியில் வந்த மஞ்சள் பெயிண்ட் ஈரமாக இருந்தது. நாற்பது வருடமாகக் கறுப்புப் பூச்சுக்கு அடியில் கிடந்தது, கல்லாக இறுகியிருக்க வேண்டும். அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். ஒட்டியது. சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னின் சூட்டில் இளகியிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, விரலைப் பழந்துணியில் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

காசு போட்டு ஆடும் பழைய வீடியோ கேம் பெட்டிகளின் பக்கவாட்டுப் படங்களைச் சுத்தம் செய்து, உதிர்ந்த இடங்களுக்கு வண்ணம் கொடுப்பது அவள் தொழில். ஆளுயரமுள்ள இந்தப் பெட்டி நான்கு நாளாக வீட்டின் முன்னறையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. இரண்டு பக்கமும் ஒரே படம்தான், இடம் வலம் மாறியிருக்கும். ஓடுகிற நான்கு குழந்தைகள், பின்னால் நீண்ட கைகளோடு துரத்தும் ஓர் உருவம். வலப்பக்கத்தில் கடைசிக் குழந்தை இருந்த இடம் மட்டும் தண்ணீர் பட்டு மரம் தெரிய உதிர்ந்திருந்தது. இப்படி இருந்தால் மறுபக்கத்தைப் படியெடுத்துத்தான் வரைய வேண்டும், சொந்தச் சரக்கைச் சேர்க்கக் கூடாது. அவள் தொழிலில் அது எழுதாத சட்டம். ஆனால் இடப்பக்கம் முழுக்க யாரோ கறுப்பை அப்பியிருந்தார்கள். ஒரு பூச்சு இல்லை, ஏழெட்டுப் பூச்சு. அதைச் சுரண்டச் சோம்பல்பட்டு, நேற்று மகளையே ஓடுகிறாற்போல் நிற்கவைத்து, அவளைப் பார்த்து அந்தக் குழந்தையை வரைந்துவிட்டாள். இரண்டு நிமிடம் ஓரிடத்தில் நிற்காத ஏழு வயது வாண்டு, அரைமணி நேரம் அசையாமல் நின்றது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

இன்று மதியம்தான் இடப்பக்கத்தில் கைவைத்தாள், கீழிருந்து மேலாக. வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே வந்த வெளிச்சம் அழுக்குத் தண்ணீர் நிறத்தில் இருந்தது. தின்னர் வாடையும் சூடான மரத்தின் வாடையும் போக, ஈரத்தலையைத் துவட்டாமல் விட்டால் வருமே, அந்த வாடையும் கறுப்பு உரிய உரியக் கிளம்பி வந்தது. சர்க், சர்க். கடைசிக் குழந்தை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சின்ன ஷூக்கள் தெரிந்தன.

பக்கத்து அறையில் காய்ச்சலோடு படுத்திருந்த மகள் கிளுக்கென்று சிரித்தாள்.

"அம்மா, பாதம் கூசுது!"

"காய்ச்சல்காரி பண்ற அலம்பலைப் பாரு. பேசாம கண்ணை மூடிப் படு."

ஹீட் கன்னை இன்னும் கொஞ்சம் மேலே காட்டினாள். கறுப்பு கொப்பளித்து எழுந்தது.

"அம்மா, கால் சுடுதும்மா."

"காய்ச்சல்னா சுடத்தான் செய்யும் கண்ணு. இதோ, இந்த ஒரு துண்டை முடிச்சிட்டு மாத்திரை தர்றேன்."

சர்க், சர்க். கெண்டைக்கால். முழங்கால். முழங்காலில் ஒரு பச்சைப் பிளாஸ்டர், ஒரு முனை மடங்கி.

அவள் கை நின்றது. இன்று காலை குளியலறையில் வழுக்கி விழுந்த மகளுக்கு அவளே ஒட்டிய பிளாஸ்டர் அது. அழுகிற பிள்ளையை வேடிக்கை காட்டிக்கொண்டே ஒட்டியதில் முனை மடங்கிவிட்டது. நேற்று வரைந்த படத்தில் பிளாஸ்டர் கிடையாது. எழுந்து பெட்டியைச் சுற்றி வலப்பக்கம் போய்ப் பார்த்தாள். நேற்று வரைந்த குழந்தை அங்கே இல்லை. வெறும் மரம்.

ஹீட் கன்னின் சுவிட்சை அணைத்தாள். மழையைத் தவிர வேறு சத்தமில்லை.

"வாண்டு?"

"அம்மா, என் காலைக் காணோம்."

பென்சிலைக் காணோம் என்பதுபோல்தான் மகள் சொன்னாள். அவள் ஓடினாள். மகள் சுவரில் சாய்ந்து, இடுப்புவரை போர்வையோடு உட்கார்ந்திருந்தாள். போர்வை தொடைவரை மேடாக இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் படுக்கையோடு படுக்கையாகத் தட்டையாகக் கிடந்தது. அவள் தடவிப் பார்த்தாள். மெத்தை. வெறும் மெத்தை.

ஏழெட்டுப் பூச்சு. யாரோ ஏழெட்டுத் தடவை மூடிப் பார்த்திருக்கிறார்கள்.

"ஒண்ணுமில்லடா. அம்மா இருக்கேன். ஒண்ணுமில்ல." சொன்ன குரல் அவளுடையதாகவே இல்லை. போர்வையோடு சேர்த்து மகளை வாரி மார்போடு அணைத்துக்கொண்டாள். வீட்டைவிட்டே ஓடிவிட வேண்டும். வாசலுக்கு முன்னறை வழியாகத்தான் போகவேண்டும்.

சர்க்.

முன்னறையிலிருந்து.

சுரண்டி அவள் கையில்தான் இருந்தது.

சர்க், சர்க். நிதானமாக. வேலை தெரிந்த கை.

கைகளில் பாரம் குறைந்தது. தொடை இருந்த இடத்தில் போர்வை மெல்லத் தொய்ந்தது. அவள் இறுக்கினாள். இன்னும் இறுக்கினாள்.

"அம்மா."

"சொல்லு கண்ணு."

"யாரோ தோளைப் பிடிக்கிறாங்கம்மா. பின்னாலேர்ந்து."

அங்கே அவள் கை இல்லை. அவளுடைய இரண்டு கைகளும் மகளின் இடுப்பைச் சுற்றியிருந்தன.

சர்க்.

கைகளுக்குள் இடுப்பு இல்லை.