ஒரு தழும்புக்கு மூன்று கதை

லோபாக் கடைவரிசையின் மாடியில் இருந்த அந்த அலுவலகத்துக்குப் படியேறி வருகிறவர்கள் பெரும்பாலும் கணவனைப் பற்றியோ, காணாமல் போன காரைப் பற்றியோதான் பேசுவார்கள். தாயம்மா ஒரு டிவி தொடரைப் பற்றிப் பேச வந்திருந்தாள்.

"வாரா வாரம் ஓடுதே, 'ஒரே அடுப்பு'. பாத்திருக்கீங்களா சார்?"

அமிர்தலிங்கம் பார்த்ததில்லை. போலீசில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர் அவர். கைகளை மேசைமேல் கோத்து வைத்துக்கொண்டு மற்றவர்கள் பேசி முடிக்கும் வரை காத்திருப்பது அவர் வழக்கம். பதில் சொன்னவள் அவருடைய கூட்டாளி ரஷீதா.

"நான் ஒரு வாரம் விடமாட்டேன். அந்த அக்காவும் தங்கச்சியும் போடுற சண்டை இருக்கே, சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்கும் லா."

"சிரிப்பீங்கம்மா. அது எங்க வீடு."

ரஷீதாவின் சிரிப்பு நின்றது.

பகா டவுனைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு தோட்டத்தில் தாயம்மாவின் வீடு. கணவன் மகேந்திரன் லோரி ஓட்டுகிறவர். உடன்பிறந்த தங்கைகள் இருவர். நடுவில் உள்ளவள் மாதவி, இதே லோபாக்கில் சலூன் வைத்திருக்கிறாள். கடைசித் தங்கை ரதி, பகாவில் பாலர் பள்ளி ஆசிரியை. தாயம்மாவும் மாதவியும் அடுப்படியில் சம்பாலுக்குப் போட்ட சண்டை, மாதவி கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொண்ட வளையல், தாயம்மாவின் குறட்டையை மாதவி போனில் பதிந்து வைத்தது, எல்லாம் ஒன்றுவிடாமல் தொடரில் வந்துவிட்டன.

"கதை புனிதன்னு போடுறாங்க. யாரு அந்தப் புனிதன்னு கேட்டா டிவிக்காரங்க வாயத் தெறக்க மாட்டேங்குறாங்க. தெறக்க வேணாம். எனக்குத் தெரியும். மாதவிதான் சொல்லிக் குடுக்குறா. நடிகைங்கல்லாம் அவ கடைக்குத்தான் முடி வெட்ட வராங்க."

"அதனால மட்டுமா?" என்றார் அமிர்தலிங்கம்.

"தொடர்ல வர்ற அக்காவைப் பாத்து ஊரே சிரிக்குது சார். அந்தத் தங்கச்சி கண்ணக் கசக்குனா ஊரே சேந்து அழுவுது. அவ சொன்ன கதையா இல்லாட்டி இப்படி வருமா? சின்னதுலேருந்தே அவதான் அழகி, அவதான் சமத்து. இப்ப டிவியிலயும் அவதான்."

ரகசியம் வெளியே போனது இரண்டாவது வலிதான் என்று ரஷீதாவுக்குப் பட்டது. முதல் வலி வேறு.

"ரதி?"

"அவ தொடர்ல இல்லவே இல்ல. அக்கா தங்கச்சி ரெண்டே பேரு. கல்யாணப் பொண்ணாச்சே, அவளையாவது விட்டுவச்சாளே, அந்த அளவுக்கு மாதவிக்கு மனசாட்சி இருக்கு." தாயம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை ரதிக்குக் கல்யாணம். மாதவி மண்டபத்துப் பக்கம் வரக் கூடாதுன்னு சொல்லிட்டேன். அவ வந்தா நான் எந்திரிச்சுப் போயிருவேன்னு சொல்லிட்டேன். சொல்லிட்டு... தூங்க முடியல சார். அவ இல்லேன்னா இல்லேன்னு சொல்லுங்க. அவதான்னா அதையும் சொல்லிருங்க."

அமிர்தலிங்கம் கேட்டார்: "தொடர்ல வந்தது எல்லாமே நடந்ததுதானா?"

"போன வாரம் வந்தது மட்டும் நடக்கல. அக்காவும் தங்கச்சியும் திருட்டுத்தனமா மோட்டார் சைக்கிள்ல பகாவுக்குப் படம் பாக்கப் போறாங்க. வர்ற வழியில விழுந்து தங்கச்சி கையை எக்சோஸ் குழாய் சுட்டுருது. மாதவி கையில ஒரு தழும்பு இருக்கு. அதுக்கு இப்படி ஒரு கதை கட்டிட்டாங்க."

"உண்மையில அந்தத் தழும்பு எப்படி வந்தது?"

கீழே சாலையில் ஒரு பஸ் நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு, புறப்பட்டுப் போயிற்று. தாயம்மா முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள்.

"எண்ணெய் தெறிச்சது சார்."

*

மாதவியின் சலூனில் அந்த நேரம் ஆள் இல்லை. அக்காவின் சாயல்தான், ஆனால் மெலிந்தவள். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தாள்.

"நடிகைங்க வராங்கதான். அவங்க முடியைப் பத்தி அவங்க பேசவே நேரம் பத்தாது. எங்கக்காவைப் பத்தியா கேக்கப் போறாங்க?"

"தொடர் பாக்குறீங்களா?" என்றாள் ரஷீதா.

"பாக்குறேன். வயித்தெரிச்சல்தான். நல்ல வசனமெல்லாம் அந்த அக்காவுக்கு. அவ வாயத் தெறந்தா ஜனங்க கை தட்டுறாங்க. தங்கச்சிக்காரி மூலையில நின்னு மூக்கச் சிந்திட்டுக் கெடக்குறா. எங்க வீட்டுலயும் அப்படித்தான். அக்கா சொன்னா சட்டம்."

அவள் துண்டை மடிக்கும்போது வலது முன்கையில் அந்தத் தழும்பு தெரிந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, ஜன்னல் கண்ணாடியில் மழை வழிந்ததைப் போல நீள நீளமான கோடுகள். ரஷீதா தன்னையறியாமல் கெண்டைக்காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மோட்டார் ஓட்டுகிற எல்லோரையும் போல அவளுக்கும் அங்கே வட்டமாக ஓர் எக்சோஸ் தழும்பு உண்டு.

"இது?" என்றார் அமிர்தலிங்கம்.

"எண்ணெய் தெறிச்சது."

அதே இரண்டு சொற்கள்.

"அக்காவோட பகாவுக்குப் படம் பாக்கப் போனீங்களாமே, தொடர்ல."

மாதவி மடித்த துண்டை மறுபடியும் பிரித்தாள். "அக்காவும் நானும் சேந்து ஒரு படம்கூடப் பாத்ததில்ல சார். வீட்டுல விட்டாத்தானே." பிறகு குரல் இறங்கியது. "இதை இத்தோட விட்டுருங்க. நான்தான்னு அக்கா நெனச்சா நெனச்சிட்டுப் போகட்டும். கல்யாணத்துக்கு நான் போகல, அவ்ளோதானே?"

வெளியே வந்ததும் ரஷீதா அவசரப்பட்டாள். "ஒத்துக்கிட்ட மாதிரிதானே சார்?"

"ஒத்துக்கிட்டவங்க 'ஆமா'ன்னு சொல்லுவாங்க. இவங்க 'விட்டுருங்க'ன்னு சொன்னாங்க."

*

பகாவுக்குக் கார் ஓட்டியது ரஷீதா. முந்திய நாள் உட்கார்ந்து தொடரை முதலிலிருந்து மறுபடி பார்த்திருந்தாள். சொல்ல அவளிடம் நிறைய இருந்தது.

"எல்லாச் சண்டையும் பாதியிலேருந்துதான் சார் ஆரம்பிக்குது. எதுக்கு ஆரம்பிச்சாங்கன்னே தெரியாது. மகேந்திரன் மேலதான் எனக்குச் சந்தேகம். லோரிய நிறுத்திட்டு வீட்டுக்குள்ள வரும்போது பாதிதானே காதுல விழும்?"

"இருக்கலாம்."

"அப்புறம் டிவிக்காரங்க ஒரு தப்புப் பண்ணிட்டாங்க. அந்த மோட்டார் சீன்ல, கிளம்புறதுக்கு முன்னாடி அக்கா ஒரு கதவை மெதுவா சாத்திட்டு, 'தூங்கிட்டா, வா'ன்னு சொல்றா. யாரு தூங்குறா? அந்த வீட்டுல வேற ஆளே கிடையாதே!"

அமிர்தலிங்கம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வரிசை வரிசையாகச் செம்பனை மரங்கள் பின்னால் ஓடின. ரஷீதாவுக்கு இந்த மௌனங்கள் பழக்கம்தான், ஆனாலும் ஒவ்வொரு முறையும் பரீட்சை எழுதிக் கொடுத்துவிட்டு நிற்பது போல இருக்கும்.

"உங்களுக்கு ஒரு லாத்தா, மூத்த அக்கா இருக்காங்கதானே?"

"ஆமா. ஏன் சார்?"

"அவங்க மேல பொறாமைப்பட்டதுண்டா?"

"எனக்கா?" ரஷீதா சிரித்துப் பார்த்தாள். சிரிப்பு சரியாக வரவில்லை. "உம்மாவும் அவளும் பழைய கதை பேசிச் சிரிப்பாங்க. நான் பொறக்குறதுக்கு முன்னாடி நடந்தது. எனக்குச் சிரிப்பும் வராது, எந்திரிச்சுப் போகவும் மனசு வராது. பக்கத்துல உக்காந்து கேட்டுட்டே இருப்பேன்."

அவர் தலையை மட்டும் அசைத்தார். தான் ஏதோ துப்புக் கொடுத்துவிட்டதாக ரஷீதாவுக்குத் தோன்றியது. என்ன துப்பு என்றுதான் தெரியவில்லை.

தோட்டத்து வீட்டில் பந்தல் போட்டிருந்தார்கள். மகேந்திரன் பருத்த உடம்பும் பெரிய குரலுமாக எதிர்கொண்டார். புழக்கடையில் துருப்பிடித்துக் கிடந்த ஓர் உருளை இயந்திரத்தைக் காட்டினார்.

"மாமியார் காலத்துல வீட்டுலயே ரப்பர் பாலை உறைய வச்சு ஷீட் அடிச்சாங்க சார். கொஞ்சம் சொந்த ரப்பர் மரம் இருந்துச்சு. பாலை உறைய வைக்கிற ஆசிட் போத்தல் எல்லாம் அடுப்படியிலேயேதான் இருக்கும். இப்ப நெனச்சா பயமா இருக்கு."

"தாயம்மா உங்ககிட்ட சண்டையெல்லாம் சொல்லுவாங்களா?" என்று கேட்டாள் ரஷீதா.

"சொல்லுவாளாவது! ஆரம்பத்துலேருந்து முடிவு வரைக்கும், ரெண்டு தடவை. நான் லோரியில போய்த் தூங்கிருவேன்."

ரஷீதாவின் சந்தேகம் அங்கேயே விழுந்தது. அமிர்தலிங்கத்தின் முகத்தில் மிக லேசாக ஒரு புன்னகை வந்து போயிற்று.

*

மாதவியை அமிர்தலிங்கம்தான் வரச் சொல்லியிருந்தார். அவள் வீட்டுக்குள் வரவில்லை, வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். தாயம்மா அவளுக்கு முதுகைக் காட்டி நாற்காலியில் அமர்ந்திருந்தாள். கையில் நலுங்கு மஞ்சளோடு ரதி எல்லோருக்கும் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அழகான பெண். அக்காமார் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தாயம்மாவின் நாற்காலியை ஒட்டிப் போய் நின்றாள்.

"யாரு இல்லைன்னு முதல்ல பாப்போம்," என்றார் அமிர்தலிங்கம். "தொடர்ல தங்கச்சிதான் உசத்தின்னு தாயம்மா நினைக்கிறாங்க. அக்காதான் உசத்தின்னு மாதவி நினைக்கிறாங்க. இவங்கள்ல ஒருத்தர் சொன்ன கதையா இருந்தா, அது ஒரு பக்கம் சாஞ்சிருக்கும். இது சாயல. ரெண்டு பேரையும் ஏக்கமா பாத்துட்டிருக்கிற ஆளோட கதை இது."

"என்னைப் பாக்காதீங்க சார்," என்றார் மகேந்திரன். "நான் ஏங்குன காலமெல்லாம் எப்பவோ முடிஞ்சு போச்சு."

யாரும் சிரிக்கவில்லை.

"ரெண்டாவது, ரஷீதா கண்டுபிடிச்சது. எல்லாச் சண்டையும் பாதியிலேருந்து ஆரம்பிக்குது. சத்தம் கேட்டு அடுப்படி வாசல்ல வந்து நிக்கிற ஆளுக்குத்தான் ஆரம்பம் தெரியாது. உங்க வீட்டுக்காரருக்கு நீங்களே ஆரம்பத்துலேருந்து சொல்லிடுறீங்க. அதனால அவரும் இல்ல."

தாயம்மா நிமிர்ந்தாள்.

"மூணாவது, அந்த மோட்டார். நடக்காத ஒண்ணு. எழுதுனவரோட கற்பனைன்னு விட்டுரலாம். ஆனா கிளம்பும்போது அக்கா ஒரு கதவைச் சாத்திட்டு, 'தூங்கிட்டா, வா'ன்னு சொல்றா. கற்பனை பண்றவர் தேவையில்லாம ஒரு புள்ளையைத் தூங்க வைக்க மாட்டார். இது நடந்ததுன்னு நம்புற ஆளுக்குத்தான் அந்தக் கதவு மறக்காது. தாயம்மா, இப்படி ஒரு கதையை நீங்க எப்பவாவது யாருகிட்டயாவது சொன்னதுண்டா?"

"நானா? இல்லியே சார்..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று மெல்லத் திரும்பி வந்தது. "மாதவி கையப் பாத்துப் பாத்து, சின்னப் புள்ள ஏன், ஏன்னு கேட்டுட்டே இருந்துச்சு. எண்ணெய்னு சொன்னா நம்பல. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மாதவி அப்ப பேக்டரி வேலைக்குப் போயிட்டா, அவளுக்குக்கூடத் தெரியாது. இது நமக்குள்ள ரகசியம், வெளியில எண்ணெய்னுதான் சொல்லணும்னேன். மறந்தே போச்சு சார்..."

"பொய்யா?"

ரதியின் குரல்தான் அது. தட்டு அவள் கையில் சாய்ந்திருந்தது.

"நீங்க போகவே இல்லியா? ரெண்டு பேரும் என்னைத் தூங்க வச்சிட்டு... எத்தனை ராத்திரி நெனச்சிருக்கேன் தெரியுமா? நான் முழிச்சிருப்பேன், அழுதிருப்பேன், நீங்க ரெண்டு பேரும் காத்துல சிரிச்சிட்டுப் போயிருப்பீங்கன்னு... அது பொய்யாக்கா?"

அமிர்தலிங்கம் அதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ரதி, நீயா?" என்றார் மகேந்திரன்.

"புனிதன் நான்தான் மாமா." அவள் கீழே பார்த்தபடி பேசினாள். "கெட்டது நெனச்சு எழுதல. நீங்க ரெண்டு பேரும் சண்டை போடுறதைப் பாக்கவே எனக்குப் பொறாமையா இருக்கும். என்கிட்ட ஒருத்தரும் சண்டைக்கு வந்ததில்ல. எழுத உக்காந்தப்ப என்னை எங்க வைக்கிறதுன்னே தெரியல. விட்டுட்டேன்."

"பழி மாதவி மேல விழுந்தப்ப ஏன்டி வாயத் தெறக்கல?" என்றாள் தாயம்மா.

ரதி தட்டைக் கீழே வைத்தாள். "இந்த ஒரு மாசமா நீ என்கிட்டதான் எல்லாம் பேசுன. இதுக்கு முன்ன நீ அப்படிப் பேசுனதே இல்லியேக்கா."

வாசற்படியிலிருந்து மாதவி சொன்னாள்: "அந்தக் கதவைப் பாத்தவுடனேயே எனக்குத் தெரிஞ்சிருச்சு. உள்ள தூங்குற புள்ள நீயாத்தான் இருக்கணும்."

"அப்ப அந்தத் தழும்பு?" ரதி அவள் பக்கம் திரும்பினாள்.

அமிர்தலிங்கம் எழுந்தார். "என் வேலை முடிஞ்சது. இது உங்க வீட்டுக் கதை."

"எண்ணெய்தான்டி," என்றாள் மாதவி.

"போதும் மாதவி." தாயம்மா கண்களை மூடிக்கொண்டாள். "நீ நடக்கப் பழகுன நேரம் ரதி. அம்மா ரப்பர் பாலுக்கு ஊத்த வச்சிருந்த ஆசிட் போத்தலை இழுத்துட்ட. உன் மூஞ்சில விழுந்திருக்கும். இவ கையைக் குடுத்துட்டா. உனக்குத் தெரியவே கூடாது, தெரிஞ்சா புள்ள மனசு ஒடிஞ்சிரும்னு அம்மா எங்க ரெண்டு பேருகிட்டயும் சத்தியம் வாங்கிட்டாங்க."

செருப்பை மாட்டக் குனிந்த ரஷீதா அப்படியே நின்றுவிட்டாள். ரதி நடந்து போய் வாசற்படியில் மாதவிக்கு அருகே உட்கார்ந்தாள். தொடவில்லை.

"என்மேல கோவமே வரலியாக்கா?"

"வராம?" மாதவி தன் கையைப் பார்த்துக்கொண்டாள். "கை எரியுது, நான் கத்துறேன். அம்மா ஓடி வந்து உன்னைத்தான் தூக்குனாங்க. ஒரு கீறல்கூட இல்லாத உன்னை. அந்தப் பொறாமை எனக்கு இன்னும் போகல."

ரதி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தாயம்மா நாற்காலியை விட்டு எழுந்து வந்து, இருவருக்கும் பின்னால் நின்றாள். என்ன செய்வது என்று தெரியாதவள் போல நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை வருவியாடி?" என்றாள் கடைசியில்.

மாதவி திரும்பிப் பார்க்கவில்லை. "நீ வந்து கூப்புட்டா வரேன். போன்ல இல்ல. கடைக்கு வந்து, நாலு பேரு முன்னாடி கூப்புடணும்."

"வரேன்லா," என்றாள் தாயம்மா. "நாளைக்கே வரேன்."