மூடி போடாத ரெகுலேட்டர்

“மூடி போடாம தண்ணியில முக்கினீங்களா?”

“நானா? பத்து வருஷமா கடலுக்குள்ள போறவன்ங்க நான்!”

“அப்போ பத்து வருஷமா முக்கறீங்க...”

வெளியே மழை. டைவிங் கருவிகளைப் பழுது பார்க்கும் அந்தச் சின்னக் கடையில், முடியிலிருந்து நீர் சொட்டச் சொட்ட அவன். மேஜைக்கு அந்தப் பக்கம், விரலெல்லாம் கிரீஸோடு அவள். இத்தனை வருடம் கழித்தும் அந்த மழைச் சத்தம் அவள் காதில் அப்படியே இருக்கிறது... அவன் கண்கள் மனதிலும். கோபத்தில்கூடச் சிரிப்பை ஒளிக்கத் தெரியாத கண்கள்!

சிலிண்டர் காற்றை அளந்து வாய்க்குக் கொடுக்கும் ரெகுலேட்டர் அது. குழாய்களை வளைத்துப் பார்த்தாள், வெடிப்பு இல்லை. காற்றேற்றித் தொட்டியில் அமிழ்த்தினாள். ஒரு குமிழிகூட வரவில்லை. ஆனால் காற்று நுழையும் வாயைக் கழற்றியதும்... வடிகட்டியில் பச்சைப் பசேலென்று களிம்பு! கழுவும்போது அந்த வாயை மூடியால் இறுக்க வேண்டும். மறந்தால் தண்ணீர் உள்ளே போய்விடும்.

“இதோட இறங்காதீங்க. ஆழத்துல மூச்சு வராம போச்சுன்னா?”

“போன மாசம்தான் ஒரு பெரிய கடையில சர்வீஸ் பண்ணாங்க. அவங்களுக்குத் தெரியாதது உங்களுக்கு மட்டும் தெரியுதாக்கும்?”

கடை அவளுடைய அண்ணனுடையது. சத்தம் கேட்டு உள்ளிருந்து வந்தான்.

“பாப்பா, நாளைக்கு நம்ம படகுல டைவிங் போகப் பன்னிரண்டு பேரைக் கூட்டிட்டு வந்திருக்காரு. சோதனைச் சீட்டுல கையெழுத்துப் போட்டு அனுப்பு.”

“மாட்டேண்ணா.”

“அப்படின்னா நாளையிலேருந்து இந்த மேஜையில வேற ஆளு!”

அவள் ஆசை ஆசையாய்க் கற்ற வேலை அது. கண் கலங்கியது. ஆனாலும் சீட்டை வெறுமையாகவே தள்ளினாள். அவன் ரெகுலேட்டரைச் சுருட்டிக்கொண்டு மழைக்குள் இறங்கிவிட்டான்.

‘போகட்டும், திமிர் பிடிச்சவன்...’ என்று நினைத்தவளுக்கு, அன்று முழுக்க அந்தத் திமிர் பிடித்தவனின் மூச்சைப் பற்றித்தான் கவலை!

மறுநாள் காலை. படகு கிளம்ப அரை மணி. தன் ஸ்பேனர்களைத் துடைத்துப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“சார், உங்க தங்கச்சி சொன்னதுதான் சரி.”

வாசலில் அவன்! பேச்சு அண்ணனிடம், பார்வை அவளிடம்.

“போன தடவை அவசரத்துல நான்தான் மூடாம வாளியில முக்கினேன். பெரிய கடை, சர்வீஸ்... எல்லாம் பொய்.”

அண்ணன் தலையைச் சொறிந்தான். “ஸ்பேனரையெல்லாம் எடுத்து வெளிய வை பாப்பா...” என்று முணுமுணுத்துவிட்டு, படகில் சிலிண்டர் ஏற்றப் போய்விட்டான்.

“நேத்தே சொல்லியிருக்கலாம்ல?”

“உங்க முன்னாடி முட்டாளா நிக்க மனசு வரல... பார்த்ததுமே பிடிச்சுப் போச்சுங்க. உங்களுக்கு என்னை...”

அவள் கடையின் ரெகுலேட்டர் ஒன்றை எடுத்தாள். தானே இருமுறை மூச்சிழுத்துப் பார்த்தாள். துடைத்து நீட்டினாள்.

“பதிலை இப்பவே சொன்னா, கீழ போய் வேகவேகமா மூச்சு விட்டுக் காத்தைத் தீர்த்துடுவீங்க. பத்திரமா மேல வாங்க... சொல்றேன்.”

அன்று அவளும் படகில் போனாள். ஒரு மணி நேரம் தாங்க வேண்டிய சிலிண்டர். அரை மணி ஆகுமுன்னே படகோரம் அவன் தலை எழும்பியது. பின்னாலேயே, அவனோடு ஜோடியாக இறங்கிய நண்பன்.

“இவனோட இறங்கினேன் பாருங்க! என் காத்து பாதி அப்படியே மிச்சம்... ஒரு மீனைக்கூட ஒழுங்காப் பார்க்க விடல!” இன்றைக்கும் இவர்கள் வீட்டுக்கு அந்த நண்பர் வந்தால் முதலில் சொல்வது இதைத்தான்.

அவள் காற்றுமானியைப் பார்த்தாள். முள் சிவப்புக் கோட்டருகே நின்றது.

“நான்தான் ஒண்ணுமே சொல்லலையே! அப்புறமும் ஏன்?”

“பயம்ங்க... இல்லைன்னு சொல்லிடுவீங்களோன்னு...”

மழை மெல்லத் தூற ஆரம்பித்தது. குனிந்து கை நீட்டினாள். ஈரக் கை ஒன்று அதைப் பற்றிக்கொண்டது.

“பிடிச்சிருக்கு” என்றாள். “இனிமேலாவது மூச்சை மெதுவா விடுங்க.”