தனக்கோடி விற்ற வண்டி

பக்கத்து ஊரான பிரம்மதேசத்திலிருந்து பாக்கியலட்சுமி வந்தபோது, ராஜாங்கம், சேட்டுவின் எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அடிபட்ட வண்டியைப் பார்த்து விபத்து எப்படி நடந்தது என்று சொல்வதுதான் இன்சூரன்ஸ் கம்பெனியில் அவர் பார்த்த வேலை. ஓய்வுபெற்ற பிறகும் மரக்காணத்தில் யாரும் அவரை ஓய்வாக விடவில்லை. பூத்துக்காரன் சேட்டு அவருக்குச் சம்பளமில்லாத சீடன்; நாற்பது வயதாகியும், துப்பு என்றால் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடுகிறவன்.

அவள் கேட்டது ஒன்றுதான். ஒரு பெண்ணை வண்டியேற்றிக் கொன்றான் என்று ஜெயிலில் வைத்திருக்கும் தன் புருஷன் ராஜவேலுவை வெளியே கொண்டுவர வேண்டும்.

நடந்தது இது. உப்பளக்காரர் தனக்கோடி தன் மோட்டார் சைக்கிளை விற்கப்போகிறார் என்று கேள்விப்பட்டு, விவசாயியான ராஜவேலு மூன்று தடவை போய்ப் பேரம் பேசினான். மூன்று தடவையும் அவர் சொன்ன விலையிலிருந்து இறங்கவில்லை. போன மாதம் ஒரு புதன்கிழமை காலை, அவரிடம் வேலை செய்யும் செல்லப்பன் வீடு தேடி வந்து, நீ கேட்ட விலைக்கே முதலாளி தருகிறார், இன்றைக்கே வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார் என்றான். கரும்பு தின்னக் கூலியா என்று கிளம்பிய ராஜவேலு, பிற்பகலில் வண்டியோடு திரும்பித் தெருவுக்கே மிட்டாய் கொடுத்தான்.

அதே புதன்கிழமை விடியலில்தான், உப்பளச் சாலையில் வேலைக்கு நடந்துபோன சின்னப்பாப்பாவை ஒரு வண்டி அடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போயிருந்தது. வாய்க்கால் சரிவில் கிடந்தவளை உச்சிவேளையில்தான் பார்த்தார்கள். அதற்குக் கொஞ்சம் முன்புவரை உயிர் இருந்திருக்கிறது, யாராவது தூக்கி வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றார் டாக்டர். அங்கே கிடந்த இண்டிகேட்டர் சில்லு, ராஜவேலுவின் வண்டியில் உடைந்திருந்த இடத்தில் கச்சிதமாகப் பொருந்தியது.

உடைந்த வண்டியைத்தான் வாங்கினேன், புதன்கிழமை மதியம்தான் வாங்கினேன் என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான். தனக்கோடியோ, செவ்வாய் சாயங்காலமே வண்டி கைமாறிவிட்டது, அடித்துவிட்டு மதியம்வரை எங்காவது ஒளித்து வைத்திருப்பான் என்றார். செல்லப்பனும் அதையே சொன்னான். செல்லப்பன் வேறு யாருமில்லை, செத்துப்போன சின்னப்பாப்பாவின் புருஷன்.

"பொண்டாட்டியப் பறிகுடுத்தவன் கொன்னவனைக் காப்பாத்தப் பொய் சொல்லுவானான்னு கேக்குறாங்க சார். நான் இன்னான்னு பதில் சொல்றது?" என்றாள். தெருக்குழாயில் அவள் பிள்ளைகளைத் தண்ணீர் பிடிக்க விடுவதில்லையாம்.

சேட்டுவுக்கும் அதே கேள்விதான். அவள் தலை மறைந்ததும், ராஜவேலுதான் அடித்திருப்பான், சந்தேகமே இல்லை என்று சாதித்தான். ராஜாங்கம் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, வண்டியைப் பார்க்கலாம் என்று எழுந்தார்.

ஸ்டேஷன் ஏட்டு பாவாடை அவருக்குப் பழக்கம். வேப்பமரத்தடியில் நின்ற வண்டிக்கு அடியில் ராஜாங்கம் படுத்துப் பார்த்தார். மேலே டேங்க் பளபளவென்று இருந்தது. கீழே இன்ஜின் சட்டம் முதல் சைலன்சர் வரை செங்கல் நிறத்தில் துரு. விரலால் தேய்த்தால் காய்ந்த பொடிதான் ஒட்டியது. பிறகு செத்தவள் கட்டியிருந்த புடவையைக் காட்டச் சொன்னார். முழங்காலுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குக் கன்னங்கரேலென்று ஒரு பிசுக்கு. சேட்டு மோந்து பார்த்துவிட்டு, பழைய இன்ஜின் ஆயில் என்றான். வண்டி என்றால் எண்ணெய் இருக்காதா என்றும் கேட்டான்.

"இருக்கணும். வண்டியில இல்லையே, அதான் யோசிக்கிறேன்" என்றார் ராஜாங்கம்.

மறுநாள் காலை ஏட்டையும் பாக்கியலட்சுமியையும் கூட்டிக்கொண்டு அவர் தனக்கோடியின் உப்புக் கொட்டகைக்குப் போனார். தனக்கோடி எல்லாருக்கும் சோடா வரவழைத்தார். சின்னப்பாப்பாவின் சாவுச் செலவை ஏற்று, பந்தலில் யாரையும்விடச் சத்தமாக அழுத மனிதர். அவரைப் போய்ச் சந்தேகப்படுவதா என்று சேட்டுவுக்கு மனசு கேட்கவில்லை. செல்லப்பன் மூட்டைகளுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றான்.

"இந்தம்மா ஒரு குறை சொல்றாங்க. துருப்பிடிச்ச வண்டியத் தலையில கட்டிட்டீங்களாம். நானும் பார்த்தேன், அடியெல்லாம் துரு" என்றார் ராஜாங்கம்.

கொலை செய்தாயா என்று கேட்டிருந்தால் தனக்கோடி சிரித்திருப்பார். இதைக் கேட்டதும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என் வண்டியவா சொல்றாங்க? உப்புக்காத்துக்கு அடியில பழைய ஆயில் பூசி வைக்கிறதுதான் இங்க எல்லா உப்பளத்துலயும் வழக்கம். வாரம் தவறாம செல்லப்பன் பூசுவான். வாங்குறவன் வேட்டி பாழாவக்கூடாதுன்னு, குடுக்கும்போது கிருஷ்ணாயில் ஊத்திக் கழுவிக் குடுத்தேன். அவன் மறுபடி பூசாம வுட்டா துரு வராம இன்னா வரும்?"

"எப்ப கழுவுனீங்க?"

"குடுக்குறதுக்கு முன்னாடிதான். செவ்வாய்க்கிழமை மத்தியானம்."

"கொஞ்சம்கூட எண்ணெய் மிச்சமில்லாமலா?"

"ஒரு சொட்டு இல்ல."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ராஜாங்கம் ஏட்டின் பக்கம் திரும்பினார்.

"செத்துப்போனவங்க புடவையில இருக்கிறது அந்தப் பழைய ஆயில்தான். செவ்வாய்க்கிழமையே ஒரு சொட்டு இல்லாம கழுவியிருந்தா, புதன்கிழமை விடியல்ல அது எங்கிருந்து வந்துச்சு? ராஜவேலு மறுபடி பூசியிருந்தா இன்னைக்கு அடியில துரு இருக்காது. ஆக, அடிக்கும்போது வண்டியில எண்ணெய் இருந்திருக்கு. அதுக்கப்புறம்தான் கழுவியிருக்காங்க. கழுவினது இங்கே, கழுவின பிறகுதான் வித்திருக்காங்க. மூணு தடவை இறங்காத விலை அன்னைக்குக் காலையில இறங்கினதும் அதனாலதான்."

தனக்கோடி சோடாவைக் கீழே வைத்தார். செல்லப்பனைப் பார்த்தார். உண்மை தெரிந்ததும் செல்லப்பன் முதலாளியின் குரல்வளையைப் பிடிப்பான் என்று சேட்டு எதிர்பார்த்தான். அவன் கட்டிய கையைக்கூட எடுக்கவில்லை.

"செல்லப்பா, எப்ப கழுவினே?" என்றார் ராஜாங்கம்.

"புதங்கெழம காலையிலங்க. நாய் அடிபட்டுச்சு, கழுவுடான்னாரு."

"அடிபட்டது உன் சம்சாரம்னு எப்பத் தெரிஞ்சுது?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"கழுவுறப்பவே தெரிஞ்சுதுங்க. கால் வைக்கிற கம்பியில வளையல் துண்டு மாட்டியிருந்துச்சு. மாசி மகத்துக்கு நான் வாங்கிக் குடுத்த வளையலு."

"அப்புறம்?"

"மொதலாளி பக்கத்துலயே நின்னாருங்க. கழுவி முடிச்சேன். பிரம்மதேசம் போய் ஆளைக் கூட்டியான்னாரு. போனேன்."

சேட்டு மனசுக்குள் நேரத்தைக் கணக்குப்போட்டுப் பார்த்தான். இவன் வண்டியைக் கழுவும்போதும் பஸ் ஏறும்போதும் அவள் அந்தச் சரிவில் உயிரோடு கிடந்திருக்கிறாள். துப்பு துலங்குவதைப் பார்க்க ஆசையாக ஓடிவந்த தன் மீதே அவனுக்கு வெறுப்பாக இருந்தது. ஏட்டு தனக்கோடியின் தோளில் கை வைத்தார்.

பாக்கியலட்சுமி எழுந்தாள். புருஷன் வீடு வரப்போகிறான் என்ற சந்தோஷம் அவள் முகத்தில் ஒரு துளியும் இல்லை. வெயிலில் வந்தானே என்று அன்றைக்குச் செல்லப்பனுக்கு மோர் கொடுத்ததையும், அவன் இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்ததையும் அவள் ராஜாங்கத்திடம் சொன்னாள். பிறகு செல்லப்பனுக்கு எதிரே போய் நின்றாள்.

"இதை ஸ்டேஷன்ல ஒரு வார்த்த வுடாம சொல்லு. எம்புருஷன் வெளிய வரட்டும். அதுக்கப்புறம் எங்கியாவது போய்ச் செத்துடு."

"சரிங்கம்மா" என்றான் செல்லப்பன்.