புதிதாகச் செய்த பழைய கார்

"ஒரு கார் வாங்கப் போறேன். அந்தக் காலத்து ரேஸ் கார் மாதிரியே புதுசா செஞ்சது. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு வந்தேன்" என்றார் பல் டாக்டரம்மா.

மாப்பிள்ளைக்குக் கரும்பு தின்னக் கூலி கிடைத்தது போலிருந்தது. அவர் அத்தை என்று கூப்பிடும் மாமியார் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக விபத்து வண்டிகளைத் துருவி ஆராய்ந்து ஓய்வு பெற்றவர். இப்போது தனியாகத் துப்பறிகிறார். கார் பைத்தியமான மாப்பிள்ளைதான் அவருக்கு வலது கை.

"பெயின்ட்டைப் பாத்து மயங்காதீங்க. மேல இருக்கறது வெறும் ஃபைபர் ஓடு. உயிர் அடிச் சட்டத்துல இருக்கு. படுத்துக்கிட்டாவது அடியில பாருங்க, வெல்டிங் சீரா இருக்கணும். ஏற்கெனவே வாங்கினவங்களையும் விசாரிங்க. அசல் வண்டின்னு எவனாவது சத்தியம் பண்ணினா, அப்படியே திரும்பி வந்துடுங்க."

டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"வெல்டிங் சரியில்லைன்னா, எந்த வேகத்துல விட்டுப்போகும்?"

"இறக்கத்துல வேகமா வந்து பிரேக் போட்டாலே போதும்" என்றார் மாப்பிள்ளை.

அருகில் அமர்ந்திருந்த அத்தை நிமிர்ந்து பார்த்தார். "வாங்க, வண்டியைப் பாத்துட்டு வந்துடலாம்."

கார்க்கடைக்காரன் தேன் ஒழுகப் பேசினான். "இன்னும் ரோட்டையே பாக்காத வண்டிம்மா." சிவப்பு உடம்பு கண்ணைப் பறித்தது. கதவில் வெளிப்பக்கம் கைப்பிடியே இல்லை. மாப்பிள்ளை திறக்கும் வழி தெரியாமல் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருக்க, டாக்டரம்மா மறுபக்கக் கதவுக்குள் கைவிட்டு வாரை இழுத்து, லேசாகத் தூக்கித் திறந்து, ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில் அமர்ந்தார். அவர் கை டாஷ்போர்டுக்கு அடியில் போய் எதையோ இறுகப் பற்றியது. அத்தை டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்தார். எழுந்து, பக்கத்தில் நின்ற மற்ற கார்களின் டாஷ்போர்டுகளுக்கு அடியிலும் கைவிட்டுப் பார்த்தார்.

"மலை ரோட்டுல ஓட்டிப் பாக்கணும். நீங்க பக்கத்துல உக்காருங்க" என்றார் டாக்டரம்மா.

"நம்ம மெக்கானிக் வருவான்மா."

"நீங்கதான் வரணும்."

"பாக்கலாம்" என்று இழுத்தான் அவன்.

வெளியே, தங்கள் காரில் ஏறியதும் அத்தை கேட்டார். "கார் வாங்கறவங்க எவ்வளவு நாள் உழைக்கும்னு கேப்பாங்க. நீங்க எப்ப உடையும்னு கேட்டீங்க. எங்க மாப்பிள்ளைக்கே பிடிபடாத கதவு உங்க கைக்குத் தெரிஞ்சுது. அந்த அடிச் சட்டம் ஒருதடவை நசுங்கி நிமிர்த்தினது. டாஷ்போர்டுக்கு அடியில ஒரு கைப்பிடி இருக்கு. மத்த வண்டி எதுலயும் இல்ல. யாரும்மா உங்களுக்கு அதை வச்சுக் குடுத்தது?"

"என் வீட்டுக்காரர்" என்றார் டாக்டரம்மா. "எனக்கு வேகம்னா பயம்னு அவரே பொருத்தினார். இவன் செஞ்சு வித்த வண்டிதான் அது. இறக்கத்துல வெல்டிங் விட்டுப்போச்சு, அவர் போயிட்டார். நான் ஆஸ்பத்திரியில நினைவில்லாம கிடந்தப்போ, இவன் நொறுங்கினதைப் பழைய இரும்புன்னு எடுத்துட்டுப் போயிட்டான். அவர் குடிச்சிட்டு ஓட்டினார்னு ஊர் பூரா சொன்னான். காபி குடிச்சாலே தூக்கம் கெட்டுப்போற மனுஷன் அவர். என்னை இவன் பாத்ததில்ல."

"அதனால இவனைப் பக்கத்துல உக்கார வச்சு அதே இறக்கத்துல விடப் போறீங்க. நீங்களும் திரும்பி வர்றதா இல்ல."

எந்த வேகத்தில் விட்டுப்போகும் என்ற கேள்விக்கு வாய் நிறையப் பதில் சொன்னவர் தாம்தானே என்று மாப்பிள்ளைக்கு உறைத்தது.

"அவன் சாகட்டும்" என்றார் டாக்டரம்மா.

"செத்தா, விபத்துல போன நல்ல மனுஷன்னு ஊர் அழும். உங்க வீட்டுக்காரர் குடிகாரராவே இருப்பார். அதுவா வேணும்?"

ஞாயிற்றுக்கிழமை காலை, வாடிக்கையாளர்கள் தத்தம் கார்களோடு கடை வாசலில் கூடும் நேரம். அத்தை தமக்குத் தெரிந்த இன்ஸ்பெக்டரையும் அழைத்து வந்திருந்தார்.

"வண்டி பிடிச்சிருக்கு" என்றார் அத்தை, எல்லோர் காதிலும் விழும்படி. "மலை இறக்கத்துல நீங்களே ஓட்டி ஒரு பிரேக் போட்டுக் காட்டுங்க. இப்பவே வாங்கிக்கறோம்."

டயர் சரியில்லை என்றான். முழங்கால் வலி என்றான். டாக்டரம்மா போய் ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டார்.

"நான் உக்காந்துட்டேன். ஏறுங்க."

அவன் பின்வாங்கினான். "இதுல நான் ஏறமாட்டேன்."

கூட்டத்தில் ஒருவர் தம் காரைத் திரும்பிப் பார்த்தார். "என் பொண்ணை தினமும் நான் இவன் செஞ்ச கார்லதானே கூட்டிட்டுப் போறேன்?"

அத்தை இன்ஸ்பெக்டருக்கு நிமிர்த்திய சட்டத்தைக் காட்டினார், கைப்பிடியைக் காட்டினார். கடைக்காரன் டாக்டரம்மாவை அப்போதுதான் சரியாகப் பார்த்தான்.

"நீங்க... அவரோட சம்சாரமா?"

"அவர் குடிச்சிருந்தாரா?"

அவன் உதடு அசைந்தது.

"எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க."

"இல்ல. குடிக்கல. வெல்டிங்தான் விட்டுப்போச்சு."

இன்ஸ்பெக்டர் அவன் தோளில் கைவைத்தார். வாடிக்கையாளர்கள் முகம் சிவக்கச் சூழ்ந்துகொண்டார்கள்.

"இப்ப மனசு ஆறுச்சாம்மா?" என்று மெல்லக் கேட்டார் மாப்பிள்ளை.

"ஆறல" என்றார் டாக்டரம்மா, அவன் மீதிருந்த பார்வையை எடுக்காமல். "ஆனா இவன் நல்லா இருக்கணும். நோய்நொடி இல்லாம, ரொம்ப வருஷம். பாக்கறவன் எல்லாம் இவன் செஞ்சதைச் சொல்லிக் காறித் துப்பணும்."